மெல்பிரிக்டாவின் ஊசி: கெல்டிய–வைக்கிங் புரூச்சுகளும் 'அசல்' என்கிற வியாபாரமும்

டப்ளினில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் ஊருக்கு வந்தபோது சட்டைப்பையில் அடங்குகிற டப்பா ஒன்றைக் கொடுத்தார். உள்ளே ஒரு புரூச். வட்டமான வளையம், வளையத்தின் முனைகளில் தன் உடலைத் தானே கவ்விக்கொள்ளும் மிருகத் தலைகள், குறுக்கே நீண்ட ஊசி, வளையம் முழுக்க எங்கே தொடங்கி எங்கே முடிகிறதென்று தெரியாமல் ஓடும் பின்னல். கூடவே ஓர் அட்டை. பழைய கெல்டியர்களும் வைக்கிங்குகளும் அணிந்த வடிவம், ஆயிரம் வருஷப் பாரம்பரியம், பியூட்டரில் செய்தது என்று அதில் போட்டிருந்தது. திருப்பிப் பார்த்தேன். முன்னால் தெரிகிற நீண்ட ஊசி வெறும் வார்ப்பு, எதையும் குத்தாது. துணியில் குத்துவதற்குப் பின்பக்கம் நம் ஊர் ஊக்கு மாதிரி ஓர் எஃகு ஊசி ஒட்டியிருந்தது. முன்பக்கம் ஆயிரம் வருஷம், பின்பக்கம் ஐந்து நிமிஷ வேலை. இந்த இரண்டு பக்கங்களுக்கும் நடுவில் என்ன நடந்திருக்கிறது என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

முதலில் உலோகம். பியூட்டர் என்பது பெரும்பகுதி வெள்ளீயம். பழைய நாட்களில் அதோடு காரீயம் கலந்தார்கள். இப்போது ஆன்டிமனியும் கொஞ்சம் செம்பும். வெள்ளீயம் உருக 232 டிகிரி வெப்பம் போதும். ரசம் இல்லாமல் வெறும் ஈயச் சொம்பை அடுப்பில் வைத்து உருக்கிவிட்டுத் திட்டு வாங்கிய எவருக்கும் இந்த உலோகத்தின் குணம் தெரியும். பட்டறையும் துருத்தியும் வேண்டாம், கல்லில் ஓர் அச்சு வெட்டி ஊற்றினால் போதும் என்பதால் ஐரோப்பாவில் இது ஏழைகளின் வெள்ளி. இடைக்கால யாத்திரிகர்கள் கான்டர்பரிக்குப் போய்விட்டுத் தொப்பியில் குத்திக்கொண்டு வந்த சின்னங்கள் இந்த இனத்து உலோகக் கலவைதான். இன்றைக்கு ரப்பர் அச்சை வேகமாகச் சுழற்றி ஊற்றுகிறார்கள். ஒரு சுழற்சியில் பல புரூச்சுகள்.

அடுத்து, புரூச் எதற்கு? பொத்தான் பரவாத காலத்தில் மேல்போர்வை தோளில் நிற்க வேண்டுமென்றால் ஏதாவதொன்று பிடிக்க வேண்டும். அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் இதற்குக் கண்ட வழி ரொம்ப எளிமையானது. ஓரிடத்தில் வெட்டு விட்ட வளையம், அதில் நகரும் ஊசி. ஊசியைத் துணியில் குத்தி வெட்டின் வழியே மேலே எடுத்து வளையத்தைக் கொஞ்சம் திருப்பினால் பூட்டிக்கொள்ளும். ஸ்காண்டிநேவியப் பெண்கள் வேறு மாதிரி. ஆமை ஓடு போல் குவிந்த நீள்வட்ட புரூச்சுகள் இரண்டை மார்புக்கு மேலே ஜோடியாகக் குத்தி, ஆடையின் தோள்வார்களை அவற்றில் மாட்டினார்கள். மண்ணுக்குள் இந்தச் செப்புக் கலவை களிம்பேறும்போது உட்குழிவில் ஒட்டியிருந்த துணி மட்காமல் நின்றுவிடுகிறது. அந்தக் காலத்து நெசவைப் பற்றி இன்று தெரிந்திருப்பதில் கணிசமான பகுதி இந்த உட்குழிவுகளிலிருந்து வந்தது. அருங்காட்சியகத்தில் நமக்குக் காட்டுவது வெளிப்பக்க வேலைப்பாட்டை. துணி நெய்த பெண்களின் கை பின்பக்கத்தில் இருக்கிறது.

இப்போது கடைகளில் கிடைக்கிற வளைய புரூச்சுகளுக்கெல்லாம் தாய் என்று சொல்லத்தக்க ஒன்று உண்டு. 'தாரா புரூச்'. கி.பி. 700-ஐ ஒட்டிய காலத்து வேலை. முலாம் பூசிய வெள்ளி, தங்கக் கம்பி வேலை, அம்பர், கண்ணாடி. வளையத்தின் குறுக்களவு ஒன்பது சென்டிமீட்டர்கூட இல்லை. இப்போது டப்ளின் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1850 ஆகஸ்டில் மீத் மாவட்டத்தில் பெட்டிஸ்டவுன் கடற்கரை மணலில் ஒரு பெட்டிக்குள் கிடைத்ததாக ஓர் ஏழைப் பெண் கொண்டுவந்து விற்றாள். அது கடற்கரையில் கிடைத்திருக்காது, உள்ளே ஏதோ ஒரு நிலத்தில் கிடைத்திருக்கும், நிலத்துக்காரன் உரிமை கோருவானென்று பயந்து அவள் குடும்பம் இடத்தை மாற்றிச் சொல்லியிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். இருக்கட்டும். வருஷத்தை மட்டும் கவனியுங்கள். 1850. உருளைக்கிழங்குப் பஞ்சம் தொடங்கி ஐந்தாண்டு. 10 லட்சம் பேர் பசியிலும் நோயிலும் செத்து, இன்னுமொரு 10 லட்சம் பேர் கப்பலேறிப் போய்க்கொண்டிருந்த நாடு. அந்த நாட்டில் ஒரு பெண் கையில் கிடைத்த பொருள் எங்கே கிடைத்தது என்பதையே மறைக்க வேண்டியிருந்தது என்றால், தேசப் பொக்கிஷத்தின் முதல் பக்கமே நிலவுடைமை பற்றிய ஒரு வாக்குமூலம்.

கைமாறிக் கைமாறி அது ஜார்ஜ் வாட்டர்ஹவுஸ் என்கிற டப்ளின் நகை வியாபாரியிடம் போய்ச் சேர்ந்தது. பழைய ஐரிஷ் புரூச்சுகளின் பிரதிகளைச் செய்து விற்பது ஏற்கெனவே அவருடைய தொழில். முந்தைய வருஷம், 1849-இல், விக்டோரியா ராணி டப்ளின் வந்தபோதே அப்படிப்பட்ட பிரதிகள் அரச குடும்பத்தின் கைக்குப் போயிருந்தன. சந்தை தயாராக இருந்தது; பெயர் மட்டும்தான் வேண்டும். வாட்டர்ஹவுஸ் 'தாரா' என்று வைத்தார். தாரா என்பது ஐரிஷ் பேரரசர்கள் முடிசூடிய மலையாகச் சொல்லப்படும் இடம். அந்த மலைக்கும் இந்தப் புரூச்சுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. 1851-இல் லண்டன் பெருங்கண்காட்சி, 1853-இல் டப்ளின், 1855-இல் பாரிஸ். நடுவில் ராணி பார்ப்பதற்காகவே விண்ட்சருக்கு அனுப்பிவைக்கப்பட்டது. கூடவே பிரதிகள், பல அளவில், பல விலையில்.

வேடிக்கை என்னவென்றால், தாராவே பூட்டாத பூட்டு. அதன் வளையம் மூடிய வளையம். வெட்டு இல்லை. ஊசியைக் குத்தித் திருப்பிப் பூட்டும் பழைய சூட்சுமம் அதில் வேலை செய்யாது. வெட்டு இருந்த இடத்தில் வேலைப்பாடு வந்து உட்கார்ந்துவிட்டது. பயன் போய் அந்தஸ்து வந்த பொருள் அது. என் மேசைமேல் இருக்கிற பியூட்டர் புரூச்சின் குத்தாத ஊசியைப் பார்த்துச் சிரித்தேனே, அந்தச் சிரிப்பை எட்டாம் நூற்றாண்டு வரை நீட்ட வேண்டியிருக்கிறது.

ராணி கையில் எடுத்துப் பார்த்த அதே வடிவத்தை அடுத்த இரண்டு தலைமுறையில் ராணிக்கு எதிரானவர்கள் எடுத்துக்கொண்டார்கள். 1893-இல் கேலிக் லீக் தொடங்கி, ஐரிஷ் மொழியும் ஐரிஷ் உடையும் அரசியலான காலத்தில், தோளில் மேலாடையைப் பூட்டிய வளைய புரூச் தேசியவாதியின் அடையாளமாயிற்று. குறி ஒன்று, அர்த்தம் இரண்டு. ஆனால் 'தாரா' என்ற பெயரை இரண்டு தரப்பும் கேள்வி கேட்கவில்லை என்பதைத்தான் நாம் கவனிக்க வேண்டும். ஒரு வியாபாரி வைத்த பெயர் தேசத்தின் ஞாபகமாகவே ஆகிவிட்டது.

'கெல்டிய' என்ற சொல்லின் கதையும் இதற்குச் சளைத்ததல்ல. கிரேக்கர்களும் ரோமானியர்களும் ஐரோப்பியப் பெருநிலத்து மக்கள் சிலரைக் கெல்ட் என்றார்கள். பிரிட்டனிலோ அயர்லாந்திலோ இருந்தவர்களை அந்தக் காலத்தில் யாரும் அப்படி அழைக்கவில்லை. அவர்களும் தங்களை அப்படிச் சொல்லிக்கொண்டதற்குச் சான்றில்லை. 1707-இல் எட்வர்ட் லூயிட் வேல்ஷ், ஐரிஷ், கார்னிஷ், பிரெத்தோன் மொழிகளின் உறவை ஆராய்ந்து அவற்றுக்குக் கெல்டிய என்று பெயர் நிலைநாட்டிய பிறகு, மொழிக்கு வைத்த பெயர் மெல்ல இனத்துக்குப் போயிற்று, இனத்திலிருந்து ரத்தத்துக்குப் போயிற்று. இந்த வழுக்கல் நமக்கொன்றும் புதிதில்லை. புரூச்சில் ஓடும் முடிச்சுப் பின்னலைக் 'கெல்டிய முடிச்சு' என்றுதான் உலகமே சொல்கிறது. பிரித்துப் பார்த்தால் அதில் சுருள் வடிவம்தான் பழைய பெருநிலத்துக் கெல்டியக் கலையின் வாரிசு. ஒன்றையொன்று கடிக்கும் மிருகங்கள் ஜெர்மானியக் குடிகளிடமிருந்து வந்தவை. 1939-இல் சட்டன் ஹூவில் தோண்டியெடுத்த நகைகளில் அவை தெளிவாக இருக்கின்றன. இழைப் பின்னல் மத்தியதரைக் கடற்பக்கத்திலிருந்து, எகிப்தியக் கிறிஸ்தவர்களின் கலை உள்பட, வந்து சேர்ந்தது. எல்லாவற்றையும் கலந்து புதிதாக ஒன்றைச் செய்தது ஏழாம், எட்டாம் நூற்றாண்டுக் கைவினைஞர்களின் சாதனை. அந்தச் சாதனையைக் கலப்பின் சாதனையாகப் பார்க்காமல் ரத்தத்தின் குணமாகப் பார்க்கிறபோதுதான் சிக்கல் தொடங்குகிறது. (இதைப் படித்தவுடன் சிக்குக் கோலத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பார்த்தீர்களா எல்லாம் நம்மிடமிருந்து போனது என்று கிளம்புகிற நண்பர்கள் எனக்குண்டு. தயவுசெய்து வேண்டாம்.)

வைக்கிங் பக்கம் வருவோம். பழைய நோர்ஸ் மொழியில் அது கடற்கொள்ளைக்குப் போகிறவனைக் குறித்த சொல். ஓர் இனத்தின் பெயரல்ல. இனப் பெயராக அதை ஆக்கியது 19ஆம் நூற்றாண்டு. இரண்டு கொம்பு வைத்த தலைக்கவசத்தை அவர்களுக்கு மாட்டியதும் அதே நூற்றாண்டுதான். வாக்னரின் இசை நாடகம் 1876-இல் பைராய்த்தில் அரங்கேறியபோது கார்ல் எமில் டோப்ளர் வரைந்த உடைகள் அந்தப் படிமத்தை உலகம் முழுக்கக் கொண்டுபோயின. எந்த வைக்கிங் கல்லறையிலும் அப்படியொரு கொம்புக் கவசம் கிடைத்ததில்லை.

கல்லறைகளில் கிடைத்தது வேறு. நார்வேயில் ஒன்பதாம் நூற்றாண்டுப் பெண்களின் கல்லறைகளில் அயர்லாந்திலும் பிரிட்டனிலும் செய்த பொன்முலாம் பூசிய தகடுகள் கிடைக்கின்றன. மடாலயத்துப் பேழையிலோ வேதப் புத்தகத்தின் மேலட்டையிலோ இருந்தவை. பெயர்த்தெடுத்து, பின்னால் ஓர் ஊசியைப் பொருத்தி, புரூச்சாக்கி அணிந்திருக்கிறார்கள். லில்லபெர்க் என்ற இடத்துக் கல்லறையிலிருந்து 19ஆம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் மியூசியத்துக்கு வந்த ஒரு மண்கட்டி நூறு வருஷத்துக்கும் மேலாக அங்கே கிடந்தது. 2014-இல்தான் அதற்குள் அப்படியொரு ஐரிஷ் தகடு இருப்பதைக் கண்டார்கள். கெல்டிய வடிவமும் வைக்கிங் அணிகலனும் 'இணைந்த' ஆதி புரூச் என்று ஒன்றைக் காட்டச் சொன்னால் நான் இதைத்தான் காட்டுவேன். அட்டையில் போட்டிருக்கும் இணைப்பு வெறும் வடிவங்களின் இணைப்பாகத் தெரிகிறது. இதில் உடைத்த கதவும் எரிந்த கூரையும் இருக்கின்றன. 795-இல் அயோனா தீவு மடம் முதல்முறை சூறையாடப்பட்டது. 806-இல் அங்கே 68 பேர் கொல்லப்பட்டார்கள்.

ஆள்களையும் தூக்கிக்கொண்டு போனார்கள். 841-இல் கப்பல் பாசறையாகத் தொடங்கிய டப்ளின் பிறகு பெரிய அடிமைச் சந்தையாயிற்று. ஐஸ்லாந்தில் முதலில் குடியேறிய பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோரின் தாய்வழி அயர்லாந்தையும் ஸ்காட்லாந்தையும் சேர்ந்தது என்று மரபணு ஆய்வுகள் சொல்கின்றன. அவர்களில் எத்தனை பேர் விரும்பிப் போனார்கள் என்று மரபணு சொல்லாது. அடிமைகளையும் மென்மயிர்த் தோலையும் கிழக்கே விற்றதற்குப் பதிலாக அரபு திர்ஹம் நாணயங்கள் மூட்டை மூட்டையாக வடக்கே வந்தன. அந்த வெள்ளி உருகி வளையமாயிற்று. வைக்கிங்குகள் வந்த பிறகு அயர்லாந்தில் வெள்ளி புழங்குவது திடீரென்று கூடி, கையளவு, முழ அளவு ஊசி வைத்த பெரிய வெள்ளி புரூச்சுகள் தோன்றுவதற்குக் காரணம் இதுதான். பாக்தாத், சமர்கந்து நாணயச் சாலைகளின் வெள்ளி 'ஐரிஷ்' தோளில் பளபளத்தது.

ஆனால் சூறையாடல் மட்டுமே கதை என்று நிறுத்தினாலும் தப்பு. ஸ்காட்லாந்தின் ஏர்ஷையரில் 1830-ஐ ஒட்டிக் கிடைத்த ஹன்டர்ஸ்டன் புரூச் எடின்பரோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தாராவின் சகோதரி போன்றது; காலமும் அதே 700 வாக்கில். அதன் பின்பக்கத்தில், செய்து இருநூறு முந்நூறு வருஷம் கழித்து, யாரோ கீறியிருக்கிறார்கள். எழுத்து ரூனிக். மொழி நோர்ஸ். செய்தி இந்தப் புரூச்சின் உடைமையாளர் மெல்பிரிக்டா என்பது. மெல்பிரிக்டா என்ற பெயரோ கேலிக்; புனித பிரிஜிட்டின் அடியார் என்று பொருள். இப்போது சொல்லுங்கள், இந்த மெல்பிரிக்டா கெல்டா, வைக்கிங்கா? தாய் எந்தப் பக்கம், தகப்பன் எந்தப் பக்கம்? அந்த நபருக்கு இந்தக் கேள்வி எழுந்த மாதிரியே தெரியவில்லை. பொருள் என்னுடையது என்று எழுதவேண்டியிருந்தது. கைக்கு வந்த மொழியில் எழுதியாயிற்று.

மட்டமான உலோகத்தில் அச்சு எடுத்து விற்பதால்தான் கடைப் பொருள் போலி என்பார்கள். இந்த வாதமும் நிற்காது. டென்மார்க்கின் ரீபெ நகரில் நீள்வட்ட புரூச்சுகளை வார்த்த களிமண் அச்சுகளின் உடைசல்கள் ஆயிரக்கணக்கில் கிடைத்திருக்கின்றன. ஒரு புரூச்சைக் களிமண்ணில் அழுத்தி அச்செடுத்து அடுத்ததை வார்ப்பது, அதிலிருந்து அடுத்தது. ஒரே மாதிரி புரூச் ரஷ்யாவிலிருந்து ஐஸ்லாந்து வரை கிடைக்கிறதென்றால் காரணம் பாரம்பரிய உணர்வல்ல, தொடர் உற்பத்தி. லண்டன் சீப்சைடில் 1838-இல் கிடைத்த 11ஆம் நூற்றாண்டுப் புதையல் ஒன்று இன்னும் பொருத்தமானது. ஈயக் கலவையில் வார்த்த புரூச்சுகள், மோதிரங்கள், மணிகள். பல இன்னும் பிசிறு நீக்காதவை. யாரோ ஒரு சாதாரண நகைக்காரரின் சரக்கு. வெள்ளி வாங்க முடியாத ஜனங்கள் வெள்ளி மாதிரி மின்னுவதை வாங்கிக்கொண்டார்கள். ஆக பியூட்டர் நகல் என்பது நவீன முதலாளியம் பண்ணிய பாவம் இல்லை. வால்ட்டர் பெஞ்சமின் 1930களில் இயந்திர மறுஉற்பத்தி பற்றி எழுதிய கட்டுரையை மேற்கோள் காட்டி, அசலின் ஒளிவட்டம் கரைந்துபோயிற்று என்று முடித்துவிடுவது நம் பத்திரிகைகளில் சுலபமான வழியாகிவிட்டது. இங்கே நடந்தது நேர் எதிரானது. நகல்கள் விற்கத் தொடங்கிய பிறகுதான் தாராவுக்கு ஒளிவட்டமே வந்தது.

அப்படியானால் நவீனத்தில் புதிதாக என்ன நடந்தது? என் வரையில் பதில் மான் தீவில் இருக்கிறது. அயர்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும் நடுவில் கடலில் கிடக்கும் சிறு தீவு. கேலிக் பேசியவர்களும் நோர்ஸ் பேசியவர்களும் கலந்து வாழ்ந்த இடம். கிர்க் மைக்கேல் என்ற ஊரில் பத்தாம் நூற்றாண்டுக் கற்சிலுவை ஒன்று நிற்கிறது. மறுபடியும் ரூனிக் எழுத்து, மறுபடியும் ஒரு மெல்பிரிக்டி. கொல்லர் ஒருவரின் மகன், தன் ஆன்மாவுக்காக நிறுவியதாகச் சொல்கிறான். அதற்குக் கீழே செதுக்கியவன் தன்னையும் சேர்த்துக்கொள்கிறான். கௌட் என்பது அவன் பெயர். இதையும், மான் தீவில் உள்ள அத்தனையையும் செய்தவன் தானே என்கிறான். என்ன திமிர்! எனக்கு அந்தத் திமிர் ரொம்பப் பிடித்திருக்கிறது.

அதே தீவில் 1864-இல் பிறந்தவர் ஆர்ச்சிபால்டு நாக்ஸ். அந்தச் சிலுவைகளைப் பார்த்து, வரைந்து வளர்ந்தவர். 1890களின் கடைசியில் லண்டன் போய் லிபர்ட்டி நிறுவனத்துக்கு வடிவங்கள் வரைந்து கொடுக்க ஆரம்பித்தார். ஆர்தர் லிபர்ட்டி 1875-இல் ரீஜண்ட் தெருவில் திறந்த கடைக்குப் பெயர் 'ஈஸ்ட் இந்தியா ஹவுஸ்'. கீழைநாட்டுப் பட்டும் சால்வையும் விற்ற இடம். கீழைநாட்டு மோகம் கொஞ்சம் தணிந்தபோது அடுத்த மர்ம தேசமாகக் கெல்டியம் கிடைத்தது. ஆரியண்டலிசம் எங்கோ தூரத்தில் இருக்கிறவர்களை மட்டும் குறிவைப்பதில்லை, வீட்டுக்குள்ளேயே ஒரு கிழக்கைக் கண்டுபிடித்துக்கொள்ளும் என்பதற்கு இந்தக் கடையை விடச் சிறந்த உதாரணம் கிடைக்காது. 1899-இல் 'கிம்ரிக்' என்று வெள்ளி நகைகளும் பாத்திரங்களும். இரண்டு மூன்று வருஷத்தில் 'டியூட்ரிக்' என்று பியூட்டர் கடிகாரங்களும் தட்டுகளும் குவளைகளும். பெயர்களில் வேல்ஸ் வாசனை. வார்த்தது பர்மிங்காம் தொழிற்சாலையில், ஹாஸ்லர் என்கிற கூட்டாளி. கையால் தட்டியது போன்ற சுத்தியல் தழும்புகளை அச்சிலேயே வைத்துத் தயாரித்தார்கள் என்பது அந்தக் காலத்துக் கைவினைக்காரர்களின் புகார். நிஜமாகவே கையால் தட்டிய ஆஷ்பியின் கைவினைச் சங்கம் இந்தப் போட்டியில் தாக்குப்பிடிக்க முடியாமல் 1907–08-இல் மூடப்பட்டது.

பொருளின் அடியில் லிபர்ட்டியின் பெயர் இருக்கும், எண் இருக்கும், பலவற்றில் 'இங்கிலீஷ் பியூட்டர்' என்றும் இருக்கும். நாக்ஸின் பெயர் இருக்காது. வடிவமைப்பாளர் பெயரை வெளியே சொல்வதில்லை என்பது நிறுவனத்தின் கொள்கை. நூற்றுக்கணக்கில் வரைந்தவர், 1917-இல் லிபர்ட்டி இறந்தபோது அவருடைய கல்லறைக் கல்லையும் வடிவமைத்தவர், 1933-இல் தீவில் செத்தபோது தீவுக்கு வெளியே அவரை அதிகம் பேருக்குத் தெரியாது. 1970களில்தான் ஆய்வாளர்கள் அந்தப் பெயரைத் தூசிதட்டி எடுத்தார்கள். இன்று அவருடைய கடிகாரங்கள் ஏலத்தில் பெரிய விலைக்குப் போகின்றன. பத்தாம் நூற்றாண்டுக் கௌட் கல்லில் தன் பெயரை வெட்ட முடிந்தது. ஆயிரம் வருஷம் கழித்து அவனிடம் கற்ற மாணவனால் ஈயத்தில்கூட ஒரு எழுத்து வைக்க முடியவில்லை. முடிச்சு அப்படியே இருக்கிறது. முடிந்தவனைக் காணோம். நவீனம் என்று நான் சொல்ல வருவது இந்த மறைவைத்தான்.

வெள்ளீயம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் மறைவு இன்னும் ஆழமாகிறது. ஈயத்துக்குப் பேர்போன ஊர் கார்ன்வால். கெல்டிய நிலங்களில் ஒன்றாக அதையும் சேர்ப்பார்கள். 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் அதன் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடி, தொழிலாளர்கள் உலகின் நாலு மூலைக்கும் சிதறினார்கள். காரணங்களில் முக்கியமானது மலாயாவின் மலிவான ஈயம். டியூட்ரிக் சந்தைக்கு வந்த ஆண்டுகளில் உலக ஈயத்தில் சுமார் பாதி மலாயாவில், பெரும்பாலும் சீனக் கூலிகள் சேற்றில் நின்று வெட்டி எடுத்தது. அடுத்த சில வருஷங்களில் அதே மண்ணுக்கு நம் ஆட்களைக் கப்பல் கப்பலாக ரப்பர் வெட்ட ஏற்றிக்கொண்டு போனார்கள். கெல்டிய மறுமலர்ச்சி பற்றிய அழகான படப் புத்தகங்களில் இந்தப் பக்கம் வருவதில்லை.

பர்மிங்காமிலிருந்து இன்றைய பரிசுக் கடைக்கு வரும் வழியைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். அயோனாவில் 1899 தொடங்கி அலெக்சாண்டர் ரிச்சி, யூஃபீமியா ரிச்சி தம்பதியர் பழைய கற்களைப் பார்த்து வெள்ளியில் புரூச் செய்து பயணிகளுக்கு விற்றார்கள். வைக்கிங் சூறையாடிய அதே தீவில் வைக்கிங் கப்பல் பொறித்த புரூச்சும் விற்றது. 1951-இல் ஜார்ஜ் பெய்ன் என்ற ஓவிய ஆசிரியர் முடிச்சுகளை எப்படிப் போடுவது என்று படிப்படியாகக் காட்டும் புத்தகம் ஒன்றை வெளியிட்டார். 1970களில் அது மறுபதிப்பாகிப் பரவியதும் பென்சில் பிடிக்கத் தெரிந்த யாரும் கெல்டிய முடிச்சுப் போடலாம் என்றாகிவிட்டது. 1960-இல் ஓர்க்னி தீவில் ஓலா கோரி தொடங்கிய பட்டறை மேஷோ கல்லறைக்குள் நோர்ஸ்காரர்கள் கீறிவிட்டுப் போன மிருகத்தை நகையாக்கியது. அப்புறம் ரப்பர் அச்சு.

சரி, எல்லாமே கலப்பு, எல்லாமே கட்டமைப்பு, ஆகவே எல்லாமே பொய் என்று தூக்கிப் போட்டுவிடலாமா? ஹாப்ஸ்பாமும் ரேஞ்சரும் 1983-இல் தொகுத்த 'கண்டுபிடிக்கப்பட்ட மரபு' பற்றிய நூலைப் படித்த கையோடு நம்மில் பலர் இப்படித்தான் பேசிக்கொண்டு திரிந்தோம். அதில் ஸ்காட்லாந்துக் கில்ட் பாவாடையைக் கிழித்துத் தொங்கவிட்ட டிரெவர்-ரோப்பர் ஓர் ஆங்கிலேயப் பேராசிரியர், ஸ்காட்லாந்துக்குத் தனி அதிகாரம் தருவதை எதிர்த்தவர் என்பதை அப்போது நாங்கள் யோசிக்கவில்லை. 1746-இல் சட்டம் போட்டு மலைநாட்டு உடையைத் தடைசெய்தவர்கள், 1822-இல் தங்கள் ராஜாவே அதை அணிந்து எடின்பரோவில் நின்றதும் கைதட்டியவர்கள், பிறகு அது உண்மையான மரபே இல்லையென்று நிரூபிக்கவும் செய்கிறார்கள். மான் தீவின் மொழியைத் தாய்மொழியாகப் பேசிய கடைசி மனிதர் நெட் மட்ரெல் 1974-இல் இறந்தார். மொழியை இழந்துகொண்டிருந்த தீவில் நின்றுகொண்டு ஒருவர் கல்லில் கிடந்த முடிச்சை மறுபடி வரைந்தார் என்றால், அதைப் 'போலி' என்று சொல்லும் உரிமை எனக்கில்லை. ஒடுக்கப்பட்டவர்கள் தங்களுக்கொரு பழமையைச் செய்துகொள்வதும், ஒடுக்குகிறவர்கள் செய்துகொள்வதும் ஒரே செயல் இல்லை.

ஆனால் செய்து முடித்த வடிவம் யார் கைக்குப் போகும் என்பது செய்தவர் கையில் இல்லை. 1935-இல் ஹிம்லர் தொடங்கிய அனெனெர்பெ என்கிற 'முன்னோர் மரபு' அமைப்பு வைக்கிங் துறைமுகமான ஹைதாபுவின் அகழாய்வைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. ரூன் எழுத்து எஸ்.எஸ். சீருடையின் கழுத்துப்பட்டைக்குப் போயிற்று. 2017-இல் அமெரிக்காவின் சார்லட்ஸ்வில்லில் வெள்ளை இனவெறியர்கள் ரூன் குறி வரைந்த கேடயங்களோடு ஊர்வலம் போனார்கள். வட்டத்துக்குள் அடைத்த கெல்டிய சிலுவையும் அவர்களுக்குள் ஓர் அடையாளம். அவர்கள் நம்புகிற தூய வடக்கத்தி ரத்தத்துக்கு 2020-இல் ஒரு பதில் வந்தது. 442 பழைய எலும்புகளின் மரபணுவைப் படித்த ஆய்வு, வைக்கிங் என்பது பல திசைகளிலிருந்தும் கலந்த கூட்டம் என்று காட்டியது. ஓர்க்னியில் வைக்கிங் வாளோடு வைக்கிங் முறைப்படி புதைக்கப்பட்டிருந்தவர்களில் சிலருக்கு ஸ்காண்டிநேவிய வம்சமே இல்லை. அந்த மண்ணின் மக்கள். வாளை எடுத்துக்கொண்டார்கள், ஆனார்கள். இதனால் இனவெறி அடங்கிவிடும் என்றெல்லாம் எனக்கு நம்பிக்கையில்லை. ஆய்வுக் கட்டுரை படித்துவிட்டா அவர்கள் கேடயம் தூக்கினார்கள்?

நண்பரிடம் இதையெல்லாம் சொன்னபோது, "ஏம்ப்பா, ஒரு புரூச் கொடுத்தது தப்பா?" என்றார். தப்பில்லை. துண்டில் குத்திக்கொண்டு ஒரு கூட்டத்துக்குப் போய்வந்தேன். ரெண்டு பேர் எங்கே வாங்கியது என்று விசாரித்தார்கள். வீட்டுக்கு வந்து கழற்றி மறுபடி திருப்பிப் பார்த்தேன். மெல்பிரிக்டா எழுதிய பக்கம் இது. என்னுடையதில் எஃகு ஊசி, ஒட்டிய இடத்தில் சிறு கறுப்புத் தழும்பு, ஒரு நிறுவனத்தின் முத்திரை. மீதி இடம் வழவழப்பாக, வெறுமையாக, ஆணியால் கீறினால் எழுத்து விழுகிற அளவுக்கு மெத்தென்று இருக்கிறது.